கோயாவின் கழுதைகளும் ஓர் அட்டைப்பட வழக்கும்

ஒரு கழுதை மேசையின் முன்னால் அமர்ந்திருக்கிறது. கனவான்கள் உடுத்தும் மேலங்கியை அணிந்திருக்கிறது. மேசைமேல் ஒரு பெரிய புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பக்கங்களில் வரிசை வரிசையாகக் கழுதைகளின் உருவங்கள். தந்தை, தந்தையின் தந்தை, அவருக்கும் முந்தையவர் என்று வம்சாவளி நீண்டு செல்கிறது. மேசையில் பொறித்த குலச் சின்னத்திலும் கழுதைதான். அடியில் ஒரு குறுந்தலைப்பு: 'அவனுடைய பாட்டன் வரைக்கும்'. ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா 1799இல் வெளியிட்ட 'லோஸ் காப்ரீச்சோஸ்' என்னும் 80 அச்சோவியங்களில் இது 39ஆவது. 'காப்ரீச்சோ' என்றால் மனம் போன போக்கில் எழும் விசித்திரக் கற்பனை என்று பொருள் கொள்ளலாம். ஆனால் இத்தொகுப்பில் மனம் போன போக்கு என்று எதுவும் இல்லை. பணத்துக்காகக் கிழவனுக்கு மணமுடித்து வைக்கப்படும் பெண், தூக்கிலிடப்பட்டவனின் பல்லைச் சூனியத்துக்காகப் பிடுங்க வருபவள், துறவியின் அங்கியைப் போர்த்திய ஒரு பட்டமரத்தின் முன் மண்டியிடும் கூட்டம் என, ஒரு சமூகம் தன்னைப் பற்றிப் பேச விரும்பாதவை எல்லாம் வரிசையாக வருகின்றன.

இந்தப் படங்கள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். செப்புத் தகட்டின்மேல் அமிலம் தீண்டாத மெழுகுப் பூச்சைப் பூசுகிறார்கள். ஊசியால் அந்தப் பூச்சைக் கீறி வரைகிறார்கள். தகட்டை அமிலத்தில் இட்டால் கீறிய இடங்களில் மட்டும் செம்பு அரித்துப் பள்ளமாகும். பள்ளத்தில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறி அச்சாகும். கோட்டுக்குப் பதிலாக நிழலும் இருளும் வேண்டுமானால், பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, துகள்களின் இடைவெளிகளை அமிலம் தின்னும்படி செய்ய வேண்டும். கோயாவின் இரவு வானங்கள் இந்த முறையில் பிறந்தவை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலையில் அன்றாடம் போய்வரும் எங்களுக்கு இந்த வேலை அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை. இவ்வட்டாரத்து ஆலைகளில் கைப்பேசிக்குள் பொருத்தப்படும் சர்க்யூட் போர்டும் அடிப்படையில் இதே உறவுமுறைதான். செம்பு, அதன்மேல் ஒரு காப்புப் பூச்சு, காப்பு இல்லாத இடத்தை அரிக்கும் இரசாயனம். அங்கே செம்பில் எஞ்சுவது மின்சாரம் ஓடும் பாதை. இங்கே ஒரு கழுதை.

ஒரு கழுதை அல்ல, ஒரு தொடரே இருக்கிறது. 37 முதல் 42 வரையிலான ஆறு படங்களும் கழுதைகளைப் பற்றியவை. 37இல் ஆசிரியக் கழுதை மாணவக் கழுதைகளுக்கு முதலெழுத்தைக் கற்பிக்கிறது. சீடனுக்கு இதைவிடக் கூடுதலாகத் தெரிந்துவிடுமோ என்று தலைப்பு வியக்கிறது. 38இல் ஒரு குரங்கு கிதாரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நரம்பே இல்லாத பின்பக்கத்தை வாசிக்கிறது. கழுதை மெய்மறந்து கேட்கிறது. பின்னால் நிற்கும் மனிதர்கள் கைதட்டுகிறார்கள். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்று சொல்லி நாம் நிறுத்திக்கொண்டோம். கோயா அதற்கும் ஒரு படி மேலே போய், கழுதை தலையாட்டியதால் கற்பூரம் என்று நம்பிக் கைதட்டுகிற மனிதர்களைப் பின்னால் நிறுத்தினார். நம் சபாக்களையும் நூல் வெளியீட்டு விழாக்களையும் அறிந்த வாசகர்கள் இந்தப் படத்தின் முன் சற்று நேரம் நிற்கக்கூடும்.

40இல் மருத்துவக் கழுதை சாகக் கிடப்பவனின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறது. எந்த நோயால் சாவான் என்பது தலைப்பில் உள்ள கேள்வி. நோயாலா, மருத்துவராலா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். 41இல் குரங்கு ஓவியன் கழுதையின் உருவப்படத்தைத் தீட்டுகிறான். திரையில் உள்ள கழுதைக்குப் பொய்முடி வந்துவிட்டது. கோயா அரசவை ஓவியராக இருந்து பிரபுக்களை வரைந்து பிழைத்தவர் என்பதை நினைத்தால், இந்த ஒரு படத்தில் அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

தொடரின் கடைசிப் படமாகிய 42 இவற்றுள் மிகக் கனமானது. இரண்டு குடியானவர்கள் முதுகு வளைந்து, கண்களை மூடியபடி, ஆளுக்கொரு கழுதையைச் சுமந்து நிற்கிறார்கள். ஒரு கழுதையின் காலில் குதிமுள் கட்டப்பட்டிருக்கிறது. தலைப்பு ஒரு ஸ்பானியப் பழமொழியின் முதல் பாதி மட்டும்: 'உன்னால் முடியாது, ஆகவே நீ...'. மறுபாதியை அன்றைய வாசகர் எல்லாரும் அறிவர். என்னை முதுகில் சுமந்து நட என்பதே அது. வரி கட்டாத பிரபுக்களும் மதகுருமாரும், வரி கட்டிய குடியானவர்களும் என்று நீண்ட அரசியல் உரை எதுவும் தேவைப்படவில்லை.

ஏன் கழுதை? இக்கேள்விக்கு ஸ்பெயினில் மட்டும் விடை தேட வேண்டியதில்லை. தொகுப்பின் 24ஆவது படத்தில் ஒரு பெண் தலையில் கூம்புக் குல்லாயுடன் கழுதைமேல் ஏற்றப்பட்டு, சிரிக்கும் கூட்டத்தின் நடுவே கொண்டுசெல்லப்படுகிறாள். இன்க்விசிஷன் என்னும் சமய விசாரணை மன்றம் தண்டித்தவர்களை ஊர்வலம் விட்ட முறை அது. அவமானத்தைத் தெருவெங்கும் காட்டுவதற்கான வாகனம் கழுதை.

தமிழகத்திலும் அதே விலங்குக்கு அதே வேலைதான் தரப்பட்டிருந்தது. பகைவரின் நிலத்தைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் பெருமையாகப் புறநானூற்றின் 15ஆம் பாட்டு சொல்கிறது. மூத்ததேவிக்கு வாகனமும் கழுதைதான். இவற்றைவிட நெருக்கமான சான்று எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சென்று தெற்கே திரும்பினால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. யார் சபை வாரியங்களில் இடம்பெறலாம், எத்தனை வயது, எவ்வளவு நிலம், கணக்குக் காட்டாதவரின் உறவினர் எத்தனை தலைமுறைக்கு விலக்கு என்றெல்லாம் விரியும் அந்த விதிகளை நம் பாடநூல்கள் புகழ்ந்து பேசுகின்றன. அவ்விதிகளுள் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. கழுதை ஏறியவர்களும், பொய்யாவணம் எழுதியவர்களும் சில வாரியங்களுக்கான ஓலையில் இடம்பெறக் கூடாது என்பது அது. கழுதை ஏறுதல் என்பது இங்கே பயணம் அன்று, தண்டனை. குற்றம் செய்து கழுதைமேல் ஊர்வலம் போனவனுக்குப் பொது அலுவல் கிடையாது.

(இந்தச் சபை ஒரு பிராமண ஊரின் சபை என்பதையும், நிலமும் வேதப் பயிற்சியும் இல்லாதவர்க்கு அதில் இடமில்லை என்பதையும் மறந்துவிட்டு, இதை அப்படியே மக்களாட்சி என்று கொண்டாடும் வழக்கம் நமக்கு உண்டு. அது தனியே எழுத வேண்டிய பொருள்.)

உத்திரமேரூர் விதியைப் படித்துவிட்டு 39ஆம் படத்துக்குத் திரும்பினால் கோயா செய்த காரியம் விளங்குகிறது. கழுதைமேல் ஏறியவனைப் பதவிக்கு வராமல் தடுக்க ஊர்ச்சபை ஒரு விதி செய்தது. கோயாவின் படத்தில் கழுதையே பதவியில் அமர்ந்துவிட்டது. பரம்பரைச் சான்றும் கையில் வைத்திருக்கிறது. 42ஆம் படத்தில் மனிதன்மேலேயே ஏறிவிட்டது. தண்டனைக்குரிய வாகனத்தைத் தண்டிப்பவர்களின் நாற்காலிக்கு மாற்றியதுதான் இந்தத் தொடரின் அங்கதம். இதற்கு எந்தப் பெயரும் எழுதத் தேவைப்படவில்லை.

பெயர் எழுதாததே பின்னால் சிக்கலாயிற்று. 1799 பிப்ரவரி 6 அன்று 'தியாரியோ தெ மாத்ரித்' நாளிதழில் இத்தொகுப்புக்கு ஒரு விளம்பரம் வந்தது. எந்த நாகரிக சமூகத்திலும் காணப்படும் மடமைகளையும், வழக்கமும் அறியாமையும் சுயநலமும் நிலைநிறுத்திய பொய்களையும் ஓவியர் தேர்ந்தெடுத்திருக்கிறார். தனிமனிதர் எவருடைய குறையையும் கேலி செய்யும் நோக்கம் எந்தப் படத்திலும் இல்லை என்று அது விளக்கியது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற கதைதான். குதிரைத் திறந்து பார்க்காமல் மாட்ரிட்வாசிகள் விடுவார்களா? படங்களுக்கு எழுதப்பட்டுக் கையெழுத்துப் பிரதிகளாக உலவிய விளக்கங்களில் சில மிகத் துணிச்சலாகப் பெயர் சொல்கின்றன. அவற்றில் அடிபட்ட பெயர்களுள் முக்கியமானது மானுவெல் கொதோய். சிறு குடும்பம் ஒன்றில் பிறந்து, மெய்க்காவல் படையில் சேர்ந்து, அரசி மரியா லூயிசாவின் தயவால் 25 வயதில் 1792இல் முதலமைச்சரானவர். குறுகிய காலத்தில் உயர்ந்தவர்களுக்கு நீண்ட வம்சாவளி தேவைப்படும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் இன்று பிராதோ அருங்காட்சியகத்தின் பெயரால் அறியப்படும் இன்னொரு கையெழுத்து விளக்கம் இந்தப் படத்துக்கு யார் பெயரையும் சொல்லவில்லை. வம்சாவளி எழுதுபவர்கள் இந்தப் பாவப்பட்ட விலங்கைப் பித்தாக்கிவிட்டார்கள் என்றும், இப்படி ஆனது இது ஒன்று மட்டுமல்ல என்றும் சொல்லி முடித்துக்கொள்கிறது. இந்தக் குறிப்பே படத்தோடு கூடுதலாகப் பொருந்துகிறது என்பது எங்கள் எண்ணம். கொதோய் ஒருவர்தான் என்றால் அவர் போனதும் படம் செத்திருக்கும்.

விற்பனை நடந்த இடம் தெசெங்கான்யோ தெருவின் முதல் எண் கடை. வாசனைத் திரவியங்களும் மதுவும் விற்ற கடை அது. கழுதைக்கு வாசனை தெரியாது என்ற நம் பழமொழியைக் கோயா அறிந்திருக்க முடியாது. தெருவின் பெயர் அவருக்குத் தெரியும். மயக்கம் தெளிதல் என்பது அதன் பொருள். விலை 320 ரெயால், அதாவது ஒரு பொற்காசு. இரண்டு நாள் மட்டும் விற்பனைக்கு இருந்ததாகவும், 27 தொகுப்புகள் போனதாகவும் கோயாவே 1803இல் நிதியமைச்சருக்கு எழுதினார். அதே கடிதத்தில், 80 செப்புத் தகடுகளையும் விற்காத 240 தொகுப்புகளையும் அரசருக்குக் காணிக்கையாக்க முன்வந்தார். பதிலாக மகன் ஹாவியேருக்கு ஆண்டுக்கு 12,000 ரெயால் உதவித்தொகை கிடைத்தது. தகடுகள் அரசின் அச்சகத்துக்குள் போயின. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1825இல், பிரான்சில் பொர்தோ நகரில் இருந்தபடி நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தகடுகளை அரசருக்குத் தந்த பின்பும் தன்மேல் இன்க்விசிஷனிடம் புகார் கூறப்பட்டது என்று வயோதிகக் கோயா குறிப்பிடுகிறார்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. படங்கள் வெளியாகிய அதே 1799ஆம் ஆண்டின் அக்டோபரில் நான்காம் கார்லோஸ் கோயாவைத் தம் முதன்மை அரசவை ஓவியராக உயர்த்தினார். முடியாட்சி அவரைச் சிறையில் தள்ளவில்லை. அரசருக்கு இப்படங்கள் புரியவில்லையா, புரிந்தும் சிரித்துவிட்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதித்துக்கொண்டிருக்கட்டும். கோயா தன் பாதுகாப்பைத் தகடுகளைக் கொடுத்து வாங்கினார் என்பது மட்டும் தெளிவு. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1792-93இல் வந்த நோயில் காது முற்றிலும் கேளாமல் போன, 50 வயது கடந்த, அரண்மனைச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய ஒரு மனிதரின் முடிவு அது.

தமிழில் கோயாவைப் போல ஒருவர் ஏன் தோன்றவில்லை என்ற கேள்வியை எங்கள் உரையாடல்களில் அடிக்கடி கேட்டுக்கொள்வது உண்டு. கேள்வியை வேறு வகையில் கேட்க வேண்டும். இந்தியாவில் சமூக மடமையைக் கல்லச்சில் வரைந்து தொகுப்பாக வெளியிட்டவர் உண்டு. கல்கத்தாவின் ககனேந்திரநாத் தாகூர் 1917இல் 'விரூப வஜ்ரா', 'அத்புத் லோக்' ஆகிய இரண்டு தொகுப்புகளையும், 1921இல் இன்னொன்றையும் வெளியிட்டார். சாதியை ஒரு திரிகையாகவும், அதில் மனிதர்கள் அரைபடுவதாகவும் அவர் வரைந்த படம் 'காப்ரீச்சோஸ்' வரிசையில் வைக்கத்தக்கது. தமிழ்நாட்டிலோ கேலிப்படம் கலைப்பொருளாகக் கடையில் விற்கப்படவில்லை; பத்திரிகையின் வழியாக வந்தது. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி கருத்துப்படத்துக்கு முதற்பக்கத்தைக் கொடுத்தார். 1908இல் அடக்குமுறை வந்தபோது இதழும் அவரும் புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. 1930களில் 'ஆனந்த விகட'னில் மாலியின் தூரிகை வந்தது. 1970 ஜனவரியில் சோ தொடங்கிய 'துக்ள'க்கின் முதல் இதழ் அட்டையில் இரண்டு கழுதைகள், சோ பத்திரிகை ஆரம்பித்துவிட்டதால் இனித் தங்களுக்கு விருந்துதான் என்று பேசிக்கொண்டன. கழுதை காகிதம் தின்னும் என்பது தமிழ்க் கேலியின் தனிச்சொத்து. கோயாவின் கழுதைகள் படிக்க மட்டுமே செய்கின்றன.

300 பிரதிகள் அச்சிட்டு, ஒரு பொற்காசு கொடுக்கக்கூடியவர்களுக்கு விற்ற படத்துக்கும், தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் பலர் கைக்கு மாறும் வார இதழின் அட்டைப்படத்துக்கும் வேறுபாடு பெரிது. அதிகாரத்தின் எதிர்வினையும் அதற்கேற்ப இருக்கும்.

1987 மார்ச் 29 தேதியிட்ட 'ஆனந்த விகட'னின் அட்டையில் ஒரு சிரிப்புப் படம் வந்தது. ஒரு பொதுக்கூட்ட மேடை. அதில் இருக்கும் இருவரில் யார் சட்டமன்ற உறுப்பினர், யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரனைப் போல இருப்பவர் உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரனைப் போல இருப்பவர் மந்திரி என்று மற்றவர் அடையாளம் சொல்கிறார். இவ்வளவுதான். கட்சிப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, மாநிலத்தின் பெயர் கூட இல்லை. நகைச்சுவை என்ற அளவில் இது ஒன்றும் பெரிய சாதனை அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் படித்துச் சிரித்து, மறு வாரம் மறந்திருக்கக்கூடிய துணுக்கு.

மறக்க விடாமல் செய்தது தமிழ்நாடு சட்டப்பேரவை. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். பேரவைத் தலைவர் பி.எச்.பாண்டியன். தலைவருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்ற சொற்றொடரைத் தமிழ் அரசியலுக்குக் கொடையாகத் தந்தவர் அவர். சில மாதங்களுக்கு முன்னர்தான், அரசியல் சட்ட நகலை எரித்த விவகாரத்தில் க.அன்பழகன் உள்ளிட்ட 10 தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்திருந்தனர். இந்தச் சூழலில் அட்டைப்படம் உரிமை மீறலாகக் கொள்ளப்பட்டு, விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர் கேட்கவில்லை. 1987 ஏப்ரல் 4 அன்று அவருக்கு 3 மாதக் கடுங்காவல் தண்டனை விதித்துப் பேரவை தீர்மானித்தது. அன்றே கைது செய்யப்பட்டுச் சென்னை மத்தியச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தண்டனைக்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்படவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். அட்டையில் இருந்த இரு உருவங்களும் யாருடைய சாயலிலும் வரையப்பட்டவை அல்ல. அவை எம்மைக் குறிக்கின்றன என்று சொன்னவர்கள் பேரவை உறுப்பினர்களே. மாட்ரிட்டில் கொதோயைக் கழுதையாகக் கண்டது ஊர். கொதோய் எழுந்து நின்று அது நான்தான் என்று சொல்லவில்லை. சென்னையில் ஒரு முழு அவையே எழுந்து நின்று, தீர்மானம் போட்டு, அதை அவைக்குறிப்பில் ஏற்றியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அந்நாளில் பலரும் சொல்லிச் சிரித்தார்கள். எங்களுக்கு அந்த விளக்கம் போதவில்லை. அவையில் இருந்தவர் அனைவரும் திருடர் அல்லர்; நேர்மையான உறுப்பினர்களும் அந்தத் தீர்மானத்தின்போது இருக்கையில் இருந்திருப்பார்கள். ஒருவேளை அவர்களுக்கே கோபம் கூடுதலாக வந்திருக்கலாம். உத்திரமேரூர் விதியை எழுதியவர்களுக்கு, பதவிக்கு வருபவன் கழுதை ஏறாதவனாக இருக்க வேண்டும் என்ற கவலை இருந்தது. 1987இன் அவைக்கு, பதவிக்கு வந்துவிட்டவரைக் கழுதை ஏறியவராக யாரும் எண்ணிவிடக் கூடாது என்ற கவலை இருந்தது. தகுதியைப் பற்றிய கவலை மானத்தைப் பற்றிய கவலையாக மாறிவிட்ட தூரம் அது. படம் குத்தியது அந்த இடத்தில்தான்.

பத்திரிகை உலகத்தின் எதிர்ப்பு வலுத்தது. மூன்று நாள்களுக்குள் பாலசுப்பிரமணியன் விடுவிக்கப்பட்டார். கோயாவைப் போலவே அவரும் அத்துடன் விட்டிருக்கலாம். ஒரு பெரிய நிறுவனத்தின் உரிமையாளர், எஸ்.எஸ்.வாசனின் மகன், அரசோடு இணக்கமாக இருப்பதில் இலாபம் மட்டுமே இருந்த நிலை. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கைது முறையற்றது என்று 1994இல் தீர்ப்பு வந்தது. அடையாளமாக 1,000 ரூபாய் இழப்பீடு.

இவ்வழக்கின் சட்டப் பின்னணி விந்தையானது. சட்டமன்றங்களின் சிறப்புரிமைகள் சட்டத்தால் வரையறுக்கப்படும் வரை, பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு இருந்த உரிமைகளே இவற்றுக்கும் என்று அரசியல் சட்டத்தின் 194ஆம் உறுப்பு 1950இல் சொன்னது. வரையறுக்கும் சட்டம் இன்றுவரை எழுதப்படவில்லை. காமன்ஸ் சபையோ, 1880இல் சார்லஸ் பிராட்லாவைக் காவலில் வைத்ததற்குப் பிறகு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியதே இல்லை. தாய்வீட்டில் பரணில் ஏற்றிவிட்ட கத்தியை நம் அவைகள் எடுத்து வைத்துக்கொண்டன. 1964இல் உத்தரப் பிரதேசச் சட்டமன்றம் ஒரு துண்டறிக்கைக்காகக் கேசவ் சிங் என்பவரைச் சிறையில் வைத்தது. நீதிமன்றத்தோடு மோதல் உண்டாகி, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. 2003 நவம்பரில் தமிழ்நாடு பேரவை மீண்டும் 'தி இந்து' இதழின் ஆசிரியர் குழுவினருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அப்போது சிக்கல் எழுத்தைப் பற்றியது. படத்தைப் பற்றியது அன்று. கத்தி அதே கத்திதான்.

விகடனைத் தேடிப் படம் மறுபடியும் வந்தது. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதை ஒட்டி, டிரம்பின் அருகே பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக ஒரு கேலிப்படத்தை 'விகடன் பிளஸ்' மின்னிதழ் அட்டையில் வெளியிட்டது. சில நாள்களில் விகடனின் இணையதளம் முடக்கப்பட்டது. அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இது பெயரற்ற படம் அன்று. முகம் தெளிவாகத் தெரிந்த படம். ஆகவே 1987உடன் நேரடியாக ஒப்பிட நாம் தயங்குகிறோம். என்றாலும் முறையில் ஏற்பட்டுள்ள மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 1987இல் ஆசிரியரைப் பிடித்துப் போனார்கள். படம் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. 2025இல் ஆசிரியர் வீட்டில் இருந்தார். படத்தோடு சேர்த்து அத்தனை பழைய பக்கங்களும் வாசகரின் கண்ணிலிருந்து மறைந்தன. செப்புத் தகட்டுக் காலத்தில் இது இயலாது. விற்றுப்போன 27 தொகுப்புகளைக் கோயாவே நினைத்தாலும் திரும்பப் பெற்றிருக்க முடியாது.

அரசிடம் போய்ச் சேர்ந்த தகடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். அவற்றை உருக்கிவிடவில்லை. அரச அச்சகம் பத்திரமாக வைத்திருந்தது. கோயா 1828இல் பொர்தோவில் இறந்து, ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழிந்து, அதே தகடுகளிலிருந்து இரண்டாம் பதிப்பு அச்சானது. 1937 வரை மொத்தம் 12 பதிப்புகள். ஒவ்வொரு அச்சுக்கும் தகடு சற்றே தேயும். பிசின் தூள் தந்த மெல்லிய நிழல் முதலில் அழியும், ஊசிக் கோடு கடைசியில். பிந்திய பதிப்புகளில் இரவுகள் வெளிறிப்போய், கழுதைகள் மட்டும் நிற்பதைக் காணலாம். 80 தகடுகளும் இப்போது மாட்ரிட்டில் சான் பெர்னாந்தோ கலைக் கழகத்தின் செப்புத் தகட்டுக் காப்பகத்தில் உள்ளன. 39ஆம் தகட்டில், காகிதத்தில் நாம் காண்பதற்கு இடவலம் மாறிய நிலையில், கழுதை தன் பாட்டன்மாரின் புத்தகத்தோடு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.